வயிறும் குணமும்: ஏற்காட்டுத் தோழிக்கு

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் கொளுத்துகிறது. குண்டு மாம்பழம் வந்துவிட்டது, மேலே யாராவது வந்தால் ஒரு கூடை கொடுத்தனுப்புகிறேன். நீ கேட்ட விஷயம் பெரிது, நேராக அதற்கே வருகிறேன்.

உன் ஹாஸ்டலில் ஒழுங்காக இருந்த பிள்ளைகள் திடீரென்று எரிந்து விழுகிறார்கள், கூடவே வயிற்றுவலி என்கிறார்கள். குடல் கெட்டால் குணமும் கெடுமா, எல்லோருக்கும் புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது என்று விற்கிற கிருமி மருந்து, வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தொடர்பு உண்டு. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் ஏறத்தாழ 80 சதவீத இழைகள் கீழிருந்து மேலேதான் சேதி கொண்டுபோகின்றன. ஆனால் அதை வைத்துக்கொண்டு பாட்டில் விற்கிறவர்கள் சொல்வதையெல்லாம் நம்பாதே. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தில் 90 சதவீதம் குடலில் உண்டாகிறது என்பார்கள், உண்மைதான். அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடல் கிருமிகள் வேறு மாதிரி இருப்பதைப் பற்றி 2021இல் ஆஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் சில உணவுகளை மட்டுமே தின்பதால்தான் கிருமிகளின் வகை குறைகிறது என்பது அதில் தெரியவந்தது. நாம் காரணம் என்று நினைத்தது விளைவாக இருக்கலாம். அதனால் புரோபயாட்டிக் காசை மிச்சப்படுத்து.

நீ முதலில் பார்க்க வேண்டியது மலச்சிக்கல். ஏற்காட்டுக் குளிரில் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது, தண்ணீர் குடிப்பது பாதியாகிவிடும். அதிகாலையில் கக்கூஸ் தரை பனிக்கட்டி, வாசலில் வரிசை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பிள்ளை அடக்கிக்கொள்கிறது. அடக்க அடக்க மலம் இறுகுகிறது, போகும்போது வலிக்கிறது, வலிக்குப் பயந்து இன்னும் அடக்குகிறது. மலக்குடல் விரிந்து மரத்துப்போனால் வருகிற உணர்வே இருக்காது. அப்புறம் பசி இல்லை, சிடுசிடுப்பு, மூத்திரப்பையை அழுத்துவதால் படுக்கையில் நனைப்பது எல்லாம் வரும். நீ எழுதியிருந்தாயே, ஜட்டியில் கறை படுகிறது என்று, அதைப் பேதி என்று நினைத்து நிறுத்த மருந்து கொடுத்துவிடாதே. அடைத்து நிற்கும் கட்டியைச் சுற்றித் தண்ணியாக வழிவதுதான் அது. நிறுத்தினால் அடைப்பு இன்னும் இறுகும். அதற்காகத் திட்டவும் கூடாது, பிள்ளைக்கே தெரியாமல் நடப்பது.

கட்டியை வெளியேற்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர், பேச்சுவழக்கில் பெக் பவுடர், எடைக்கு ஏற்ற அளவில் கொடுப்போம்: கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள். 20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம், தண்ணீரில் கரைத்து. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் இது, நீயாகத் தொடங்காதே. பிறகு கிலோவுக்கு 0.4 கிராம் அளவில் குறைந்தது இரண்டு மாதம். இங்கேதான் எல்லோரும் கோட்டைவிடுவது: ஒரு வாரத்தில் சரியானதும் நிறுத்திவிடுகிறார்கள், விரிந்த குடல் சுருங்க நேரம் கிடைப்பதில்லை, மாதக் கடைசியில் பழைய கதை. மருந்தோடு பழக்கமும் வேண்டும். சாப்பிட்டதும் குடல் தானே அசையும், அந்த நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வை. வெஸ்டர்ன் கக்கூஸ் என்றால் கால் தொங்கக் கூடாது, முக்காலி போடு. உங்கள் ஊர்க் கொய்யாவும் பட்டர் ஃப்ரூட்டும் நார்ச்சத்துக்கு அருமை, ஆனால் தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் ஏற்றினால் வயிறு உப்பும். தாழ்ப்பாளை முதலில் சரிசெய், அதற்கு எந்த மருந்தும் ஈடில்லை.

இரண்டாவது கீரிப்பூச்சி. ராத்திரி பெண் பூச்சி ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். அரிப்பில் தூக்கம் கெட்டு, பகலில் பிள்ளை பித்துப்பிடித்த மாதிரி இருக்கும். மலப் பரிசோதனையில் பெரும்பாலும் அகப்படாது. காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன்னால், செலோ டேப்பை ஆசனவாயைச் சுற்றி ஒட்டி எடுத்து லேபில் தரும் ஸ்லைடு கண்ணாடியில் ஒட்டிக் கொடு. மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால் பெரும்பாலும் தப்பாது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை. மாத்திரை பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது, அதனால்தான் இரண்டாவது. பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் பள்ளியில் கொடுக்கும் மாத்திரை மற்றக் குடற்புழுக்களுக்கு நல்லதுதான், ஆனால் ஆறு மாத இடைவெளி கீரிப்பூச்சிக்குப் போதாது. அந்த அறையில் படுக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் கொடு, அன்றே படுக்கை விரிப்பைச் சுடுதண்ணீரில் துவை, நகத்தை ஒட்ட வெட்டு. முட்டை இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும்.

சாக்பீஸ், மண், பச்சரிசி தின்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் பார். சாப்பாட்டோடு காபி கொடுக்காதே, இரும்பு உடம்பில் சேராது. காபித் தோட்டத்து நடுவே இருந்துகொண்டு இதைச் சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கும். இரும்பு மாத்திரை மலத்தை இறுக்கும் என்பதையும் மறக்காதே.

அடுத்து மருந்துப் பெட்டியைத் திற. இளைப்புக்கும் சளிக்கும் மாண்டெலுகாஸ்ட் சேர்ந்த சிரப் மேலே நிறையப் போகும். கெட்ட கனவு, ஆத்திரம், அழுகை வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020இல் கட்டம் கட்டி எச்சரித்த மருந்து அது. குணம் மாறிய தேதியையும் மருந்து தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார், பாதி விடை கிடைக்கும்.

ஒரே ராத்திரியில் மாறினால் குடலைத் தேடி நேரம் கடத்தாதே. ஓயாமல் கை கழுவுவது, கண் சிமிட்டுவது, தொண்டையில் சிக்கும் என்று சாப்பிட மறுப்பது, கையெழுத்து கோணுவது: தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பிறகு இப்படி வரலாம் என்று 1998இல் சூசன் ஸ்விடோ குழுவினர் எழுதினார்கள், அதைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. சர்ச்சையே இல்லாதது அதே கிருமியால் வரும் சிடன்ஹாம் கொரியா, கைகால் தானாக ஆடும் நோய். கையிலிருந்து சாமான் நழுவும், நாக்கை நீட்டி நிறுத்த முடியாது, காரணமில்லாமல் அழுகை வரும். இதில் இதயமும் பாதிக்கப்படலாம், எக்கோ என்ற இதய ஸ்கேன் கட்டாயம். விடிகாலைத் தலைவலியோடு வாந்தி, நடை தள்ளாட்டம், வலிப்பு, பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே கீழே அழைத்து வா.

இன்னொன்று, தனியாகக் கேள். வயிற்றுவலி எந்த நாளில், எந்த நேரத்தில், யார் இருக்கும்போது? ஞாயிறு ராத்திரி மட்டும் வருகிற வலிக்கு ஸ்கேன் எடுத்து லாபமில்லை. பெரிய பையன்கள் மிரட்டுகிறார்களா, யாராவது தொடுகிறார்களா என்று பிள்ளை சொல்லும் வரை பொறுமையாக இரு. அப்படி ஏதாவது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசத் தயங்காதே.

நீ எழுதிய அந்த ஆறாம் வகுப்புப் பையனை வியாழக்கிழமை அனுப்பு. வெறும் வயிறு வேண்டாம், சாப்பிட்டே வரட்டும்; கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பான் என்றால் இட்லி இரண்டோடு நிறுத்து. மலம் எப்போது போனான், தூங்கியது எத்தனை மணி, என்ன மருந்து என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி, பழைய சீட்டுகளோடு கொடுத்துவிடு.

அன்புடன்,
கலா