கெட்ட புருஷன் இல்லாத கதைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

19-ஆம் நூற்றாண்டுச் சிறுகதைகளில் பெண்கள் என்ற தலைப்பில் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒன்றைப் பக்கம் ஒதுக்கிப் போட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பினின் ‘ஒரு மணி நேரத்தின் கதை’யை, கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பித்த மனைவியின் கதை என்று ஒரே வரியில் முடித்திருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கதையில் கொடுமைக்காரக் கணவன் எங்கே இருக்கிறான்?

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில் விபத்தில் பிரெண்ட்லி மல்லார்ட் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அவர் மனைவிக்கு இதயம் பலவீனம், அதனால் உடன்பிறந்தவள் ஜோசஃபின் பாதி சொல்லியும் பாதி மறைத்தும் பக்குவமாக விஷயத்தை எடுத்துச் சொல்கிறாள். மனைவி அங்கேயே உடைந்து அழுகிறாள், அப்புறம் தனியாக மாடி அறைக்குப் போய் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கும் பெரிய நாற்காலியில் உட்காருகிறாள். வெளியே வசந்த காலம், மழை வாசனை, தெருவில் ஒரு வியாபாரியின் குரல், கூரை ஓரத்தில் குருவிகள். அங்கேதான், இனி மிச்சமிருக்கும் வருஷங்கள் எல்லாம் தன்னுடையவை என்பது மெதுவாக அவளுக்கு உறைக்கிறது, முதலில் அதைப் பார்த்து அவளே பயப்படுகிறாள். கொஞ்ச நேரத்தில், விபத்து நடந்ததே தெரியாத கணவர் பெட்டியும் குடையுமாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். அவள் உயிர் போய்விடுகிறது. சந்தோஷ அதிர்ச்சி என்கிறார்கள் டாக்டர்கள். சுமார் ஆயிரம் ஆங்கிலச் சொற்களில் அடங்கிவிடும் இந்தக் கதை 1894-இல் வோக் பத்திரிகையில் வந்தது.

இதில் அந்த ஆள் செய்த குற்றம் என்ன? அவர் கைகள் கனிவானவை, அவர் முகம் அவளை அன்பில்லாமல் பார்த்ததே கிடையாது என்று ஷோப்பினே எழுதுகிறார். அந்தக் கைகளைச் சவப்பெட்டியில் பார்க்கும்போது மறுபடியும் அழுவேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. சில சமயம் அவரை நேசித்ததும் உண்டு, பல சமயம் இல்லை, அதனால் என்ன என்று அவள் நினைக்கிறாள். கட்டுரையாளர் தாண்டிப் போய்விட்ட இடம் ஒன்று இருக்கிறது, என்னைக் கேட்டால் மொத்தக் கதையின் முடிச்சும் அங்கேதான்: ஒருவர் தன் விருப்பத்தை இன்னொருவர்மேல் திணிப்பது, அன்பால் செய்தாலும் சரி கொடூரத்தால் செய்தாலும் சரி, ஒரே அளவு குற்றம் என்று அந்த ஜன்னலோரத்தில் அவளுக்குப் படுகிறது. அதிலும் ஷோப்பின் ஆண்கள் என்று மட்டும் எழுதவில்லை, ஆண்களும் பெண்களும் என்றே எழுதுகிறார். கணவனைக் கெட்டவனாக்கிவிட்டால் இந்த வரிக்கு வேலையே இல்லாமல் போய்விடும், நாமும் நல்லவேளை நம் வீட்டில் அப்படியில்லை என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

புருஷன் செத்ததற்குச் சந்தோஷப்படுகிற இவள் என்ன மனுஷி என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தக் காலத்துச் சட்டத்தைத்தான் காட்ட வேண்டும். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தையும் அதைப் பின்பற்றிய பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களின் சட்டத்தையும் பொறுத்தவரை, கல்யாணமான பெண் தனி ஆளே இல்லை. அவள் பெயரில் ஒப்பந்தம் செல்லாது, வழக்குப் போட முடியாது, அவள் சம்பாதித்தது கணவனுடையது. கல்யாணமாகாதவளுக்கும் விதவைக்கும் இந்தத் தடைகள் இல்லை. இதை மாற்றும் சட்டங்கள் மிசிசிப்பியில் 1839-லும் நியூயார்க்கில் 1848-லும் தொடங்கி மாநிலம் மாநிலமாக வந்தன, இங்கிலாந்தில் முழுமையான சட்டம் 1882-இல்தான். ஆக, கதை வெளிவந்த 1894-இல் சொத்து விஷயத்தில் கட்டு தளர ஆரம்பித்துவிட்டது, ஆனால் வீட்டுக்குள் யார் பேச்சு எடுபடும் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் திருத்தப்படவில்லை. ஷோப்பினுக்கு இது ஏட்டறிவு மட்டும் இல்லை. அவருடைய ஐந்தாவது வயதில் அப்பா ரயில் விபத்தில் இறந்தார், விதவைகள் நடத்திய வீட்டில் வளர்ந்தார். 1882-இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 32, ஆறு குழந்தைகள், மேலே கடன் வேறு. சில காலம் கணவரின் தொழிலைத் தானே பார்த்துக்கொண்டார். எழுத்தாளர் ஆனதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதை (1892) உங்கள் கட்டுரையில் ஓரளவு சரியாகவே வந்திருக்கிறது, அதனால் ஒன்றே ஒன்று. அதில் வரும் ஜானும் திட்டுகிறவனோ அடிக்கிறவனோ இல்லை. டாக்டர், மனைவிமேல் அக்கறை உள்ளவன், செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறவன். நீ எழுதாதே, ஓய்வெடு, உன் உடம்பைப் பற்றி உன்னைவிட எனக்குத் தெரியும் என்கிறான், அவ்வளவுதான். ஜன்னலில் கம்பி போட்ட மாடி அறையில் அவள் ஒளித்து ஒளித்து எழுதிக்கொண்டே புத்தி பேதலித்துப் போகிறாள். மிச்செல் என்ற பிரபல டாக்டரின் ஓய்வு சிகிச்சையைக் கில்மனே அனுபவித்துவிட்டு எழுதியது அது.

எனக்கு உண்மையான வருத்தம், அதே காலத்து அமெரிக்க எழுத்தாளரான மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் பெயரே கட்டுரையில் இல்லாததுதான். 1890-இல் வந்த ‘அம்மாவின் கலகம்’ கதையில் சாரா பென் என்ற விவசாயி மனைவிக்குப் புது வீடு கட்டித் தருவதாகக் கணவர் வாக்குக் கொடுத்து 40 வருஷம் ஆகிறது. அவரோ அதே இடத்தில் மாடுகளுக்கு இன்னொரு கொட்டகை கட்டுகிறார். மகளுக்குக் கல்யாணம் நெருங்குகிறது, அதை நடத்த நல்ல அறை ஒன்று இல்லை. சாரா கெஞ்சிப் பார்க்கிறாள், அவர் வாயே திறப்பதில்லை. இத்தனைக்கும் நடுவில் அவருக்குப் பிடித்த பலகாரத்தையும் அவள்தான் செய்துகொண்டிருக்கிறாள்! அவர் குதிரை வாங்க வெளியூர் போன நேரம் பார்த்து, பாத்திரம் பண்டம் கட்டில் எல்லாவற்றையும் புதுக் கொட்டகைக்கு மாற்றிக் குடித்தனத்தைத் தொடங்கிவிடுகிறாள். புத்தி சொல்ல வந்த பாதிரியாரும் வந்த வழியே திரும்புகிறார். ஊர் திரும்பிய கணவர் கடைசியில் உட்கார்ந்து அழுகிறார், இது உனக்கு இவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாதே என்கிறார். 40 வருஷமாகக் கேட்டவளிடம்! சாவு, பைத்தியம் எதுவும் இல்லாமல், குடும்பமும் உடையாமல் ஒரு மனைவி ஜெயிக்கும் கதை அந்தக் காலத்தில் எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், எந்த நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) பெண்ணும் அப்படிச் செய்யமாட்டாள், கதை பொய் என்று பின்னாளில் ஃப்ரீமனே எழுதினார். அதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அவருடைய இன்னொரு கதையில் லூயிசா எல்லிஸ், ஆஸ்திரேலியாவுக்குப் பணம் சம்பாதிக்கப் போன ஜோவுக்காக 14 வருஷம் காத்திருக்கிறாள். அவன் வந்து சேரும்போது தனிமையும் தையலும் சுத்தமான அலமாரியும்தான் தனக்கு வேண்டியவை என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அவனுக்கு வேறொருத்திமேல் மனசு இருப்பதையும் தற்செயலாகக் கேட்டுவிடுகிறாள். அதைச் சொல்லிக் காட்டாமல், அவனையும் குற்றவாளியாக்காமல், கல்யாணம் வேண்டாம் என்கிறாள். இங்கேயும் கெட்டவன் கிடையாது பாருங்கள்.

அடுத்த முறை இந்தப் பொருளைத் தொடும்போது ஃப்ரீமனின் இந்த இரண்டு கதைகளில் ஒன்றையாவது தமிழாக்கி முழுசாகப் போடுங்கள். பழைய கதைகள்தான், பதிப்புரிமைச் சிக்கல் வராது. பக்கம் போதாது என்றால் இரண்டு வாரமாகப் பிரித்துப் போட்டாலும் காத்திருந்து படிப்போம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி