அந்த ஒரு புள்ளியைப் பற்றி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் 2024 டிசம்பர் 21-ஆம் தேதி சனிக்கிழமை இரவு, சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் உக்ரைனின் ஒலெக்சாந்தர் உசிக்கும் பிரிட்டனின் டைசன் ஃபியூரியும் குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) உலகப் பட்டத்துக்காக மீண்டும் மோதவிருக்கிறார்கள். இதையொட்டித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு வாரங்களாக வரும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். கிரிக்கெட்டுக்கு நடுவே குத்துச்சண்டைக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், யார் யாரை என்ன சொல்லி ஏசினார், பரிசுத்தொகை எத்தனை கோடி என்பவையும், கடந்த மே மாதம் உசிக்கின் குழுவைச் சேர்ந்த ஒருவரைத் தலையால் முட்டிவிட்டு ஃபியூரியின் தந்தை நெற்றியில் ரத்தம் வழிய நின்ற படமுமே திரும்பத் திரும்ப வருகின்றன. இவர்கள் எதற்காக இரண்டாவது முறை மோதுகிறார்கள் என்பதை விளங்கவைக்கும் ஒரு பத்தியைக்கூட இதுவரை நான் காணவில்லை.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். அவிநாசிக்கு அருகே எங்கள் ஊரில், ஓட்டம் நின்றுபோன ஒரு விசைத்தறிக் கூடத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்குகிறேன். பனியன் கம்பெனிகளில் விழும் கட்டிங் வேஸ்ட்டைத் தடித்த கித்தான் பையில் திணித்து நாங்களே தைத்த மூட்டைதான் எங்கள் பயிற்சி மூட்டை. சில நாள்களில் துணியெல்லாம் அடியில் இறங்கிக் கல்போல் கெட்டிப்பட்டுவிடும் என்பதால், வாரம் ஒருமுறை அதைப் பிரித்து உதறி மீண்டும் திணிப்போம். இல்லாவிட்டால் குத்துகிற பிள்ளையின் மணிக்கட்டு போய்விடும். சென்னையின் வடபகுதியில் தலைமுறை தலைமுறையாக வேர்விட்ட இந்த விளையாட்டு எங்கள் ஊருக்குப் புதிது. ஆகவே, நாளிதழில் வருவது எதுவோ அதுவே எங்கள் ஊரைப் பொறுத்தவரை குத்துச்சண்டை.

சென்ற வாரம், என்னிடம் பழகும் ஒரு பெண்ணின் தாயார், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர், தங்கள் நாளிதழை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ரத்தம் வழியும் அந்தப் படத்தை விரித்துக் காட்டி, “ஏனுங்க சார், இப்படி மண்டைய ஒடைச்சுக்கறதுக்குத்தானுங்களா நானு புள்ளைய அனுப்பி உடறேன்?” என்று கேட்டார். படத்தில் இருப்பவர் வீரரே அல்லர், அது மேடையில் நடந்ததும் அன்று என்று நான் விளக்கினேன். அவர் மறுத்துப் பேசவில்லை, ஆனால் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதே வாரம் இரண்டு சிறுவர்கள் பயிற்சிச் சண்டைக்கு முன் நெற்றியோடு நெற்றி முட்டி முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து இருவரையும் விலக்கி உட்காரவைத்தேன். உலக வீரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவர்கள் சொன்ன பதில் என்னை மிகவும் வருத்தியது.

அன்று மாலையே கரும்பலகையில் மே 18-ஆம் தேதி நடந்த முதல் போட்டியின் புள்ளிகளை எழுதினேன். மேடைக்கு வெளியே அமர்ந்து புள்ளியிடும் நடுவர் மூவரில் ஒருவர் 115-112 என்றும் மற்றொருவர் 114-113 என்றும் உசிக்குக்கு அளித்தார்கள். மூன்றாமவர் 114-113 என்று ஃபியூரிக்கு அளித்தார். ஒரு சுற்றில் மேலோங்கியவருக்கு 10 புள்ளி, மற்றவருக்கு 9 என்பது வழக்கம். வீழ்த்தப்பட்டவருக்கு அந்தச் சுற்றில் பொதுவாக 8 கிடைக்கும். அப்படியானால் யாரும் வீழாத 12 சுற்றுகளில் இருவரின் புள்ளிகளையும் கூட்டினால் 228 வரவேண்டும். மூன்று நடுவர்களின் தாளையும் பிள்ளைகளே கூட்டிப் பார்த்தார்கள். மூன்றிலும் 227 வந்தது. குறைந்த அந்த ஒரு புள்ளி 9-ஆம் சுற்றுக்கு உரியது. உசிக்கின் இடக்கைக் குத்துகளில் நிலைகுலைந்த ஃபியூரி தள்ளாடிக் கயிற்றில் சாய்ந்தபோது, அவரைத் தாங்கி நிறுத்தியது கயிறுதான் என்று கருதிய மேடை நடுவர் மார்க் நெல்சன் இடைமறித்து, அதை வீழ்ச்சியாகக் கொண்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்ததும் சில நொடிகளில் மணி அடித்துவிட்டது.

அந்த எண்ணிக்கை நிகழாமல் அந்தச் சுற்று 10-9 என்று முடிந்திருந்தால், ஒரு தாள் 115-113 என உசிக்குக்கும், ஒரு தாள் 115-113 என ஃபியூரிக்கும், ஒரு தாள் 114-114 எனச் சமனாகவும் போட்டியே சமனில் முடிந்திருக்கும். ஃபியூரியின் தொழில்முறை வாழ்க்கையின் முதல் தோல்வி அந்த ஒரு புள்ளியில் தொங்குகிறது. எண்ணாமல் விட்டிருந்தால் உசிக் அங்கேயே ஆட்டத்தை முடித்திருப்பார், எண்ணியது ஃபியூரிக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது என்று சொல்வோரும் இருக்கிறார்கள். பதிவைப் பலமுறை பார்த்த எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. எப்படியாயினும், 21-ஆம் தேதி இருவரும் தீர்க்கவிருக்கும் கணக்கு இதுதான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதை அரைமணி நேரத்தில் புரிந்துகொண்டு, 4-ஆம் சுற்றிலிருந்து 7-ஆம் சுற்று வரை உடம்பில் குத்திக் கையோங்கியிருந்த ஃபியூரி 8-ஆம் சுற்றில் எப்படிக் கோட்டைவிட்டார் என்று கேள்வி கேட்டார்கள். தங்கள் வாசகர்களுக்கு மட்டும் இது புரியாமல் போகுமா?

ஒரு திருத்தமும் வேண்டும். “அனைத்துப் பட்டங்களுக்குமான போட்டி” என்று தாங்கள் எழுதியது மே மாதத்துக்குப் பொருந்தும், இப்போது பொருந்தாது. நான்கு உலக அமைப்புகள் வழங்கும் நான்கு பட்டங்களில் ஐ.பி.எஃப். (சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) பட்டத்தை உசிக் ஜூன் மாதமே விட்டுக்கொடுத்துவிட்டார். அது பிரிட்டன் வீரர் டேனியல் டுபுவாவிடம் சென்றது. எஞ்சிய மூன்றுக்குத்தான் இந்தப் போட்டி.

மோதலுக்கு முன் கிளம்பும் ஆரவாரம் இல்லாவிட்டால் கட்டணம் செலுத்திப் பார்ப்போர் குறைந்துவிடுவார்கள், ஆகவே வாய்ச்சண்டையும் இந்தத் தொழிலின் பகுதிதான் என்று தங்கள் விளையாட்டுப் பகுதியினர் சொல்லக்கூடும். அது போட்டி அமைப்பாளர்களின் கவலை. மறுபோட்டிகளின் வரலாற்றைப் பார்த்தால், அவற்றின் முடிவு ஏச்சுகளுக்கு வெளியேதான் உருவாகியிருக்கிறது. 1936-இல் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயிஸை 12-ஆம் சுற்றில் வீழ்த்திய ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங், லூயிஸ் இடக்கையால் குத்திவிட்டு அக்கையைத் தாழ்த்திவிடுகிறார் என்பதைப் படச்சுருள்களைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். 1938 ஜூன் 22 அன்று நடந்த மறுபோட்டிக்கு முன் உலகமே ஹிட்லரைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தது. லூயிஸோ மணி அடித்ததும் பாய்ந்து, ஷ்மெலிங்குக்கு யோசிக்கவே இடம்கொடாமல் 2 நிமிடம் 4 நொடிகளில் முடித்துவிட்டார். அந்த இருவரும் பிற்காலத்தில் நண்பர்களானார்கள்.

எடைத் தட்டே கதையைச் சொல்லிவிட்ட மறுபோட்டியும் உண்டு. 2019 ஜூன் மாதம் ஆன்டனி ஜோஷுவாவை 7-ஆம் சுற்றில் தோற்கடித்த ஆன்டி ரூயிஸ், அந்த டிசம்பரில் நடந்த மறுபோட்டிக்கு 15 பவுண்டு கூடுதலாக வந்து நின்றார். ஜோஷுவா சுமார் 10 பவுண்டு குறைந்து வந்தார். 12 சுற்றும் ஓடியும் ஒதுங்கியும் ஜோஷுவா பட்டத்தை மீட்டார். ஆகவே, போட்டிக்கு முந்தைய நாள் இருவரும் தட்டில் ஏறும்போது வரும் எண்ணை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். முதல் போட்டியில் ஃபியூரி 262 பவுண்டு, உசிக் 223.5 பவுண்டு, உசிக்கின் எடை மேடையில் 10 பவுண்டு கூட்டித் தவறாக அறிவிக்கப்பட்டுப் பிறகு திருத்தப்பட்டது. இம்முறை ஃபியூரி கனத்து வந்தால் மேலே சாய்ந்து களைக்கவைக்கும் திட்டத்தோடு வருகிறார் என்று எண்ண இடமுண்டு.

ஏச்சின் விலையையும் இங்கே சொல்லியாகவேண்டும். முகமது அலியும் ஜோ ஃபிரேஸியரும் 1974 ஜனவரியில் தங்கள் இரண்டாவது போட்டிக்குச் சில நாள்களுக்கு முன் தொலைக்காட்சி அரங்கிலேயே கட்டிப் புரண்டு, ஆளுக்கு 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். மறு ஆண்டு மணிலா போட்டிக்கு முன் அலி தம்மைக் கொரில்லா என்று அழைத்ததை ஃபிரேஸியர் பல ஆண்டுகள் மறக்கவில்லை. அலி அதற்கு மன்னிப்புக் கேட்டது 2001-இல்தான். அலியின் மீது எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. அந்தச் சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடிந்ததில்லை.

எனவே தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். எடை பார்க்கும் நிகழ்வு முடிந்ததும் இருவரின் எடையையும் முதல் போட்டியின் எடையோடு ஒப்பிட்டுக் கிலோவில் வெளியிடுங்கள். இந்திய நேரப்படி போட்டி ஞாயிறு விடியற்காலையில் முடியும் என்பதால், 23-ஆம் தேதி திங்கட்கிழமை இதழில் மூன்று நடுவர்களின் தாள்களையும் சுற்றுவாரியாக அட்டவணையாக்கி அச்சிடுங்கள். அதை வெட்டிக் கூடத்துச் சுவரில் ஒட்டுவேன். இன்னொரு பிரதி வாங்கி, ஷிப்ட் முடிந்து வரும் அந்தத் தாயாரின் வீட்டுக்கும் எடுத்துச் செல்வேன். அவர் மகள் இன்னும் பயிற்சிக்குத் திரும்பவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.