கிறிஸ்துமஸ் இரவில் ஒரு கடைசி பஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கிறிஸ்துமஸ் மலரின் அட்டையில் மரியாள் கழுதை மேல் உட்கார்ந்திருக்க, யோசேப்பு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். படம் அழகு. ஆனால் லூக்கா சுவிசேஷத்தில் அந்தக் கழுதையே கிடையாது. குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கு) எழுத நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போனார்கள் என்பதோடு சரி. எதில் போனார்கள் என்று எழுதவில்லை. ஓவியர் கழுதையில் ஏற்றலாம் என்றால், நீலகிரியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற நான் பஸ்ஸில் ஏற்றக்கூடாதா?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வண்டி. டிசம்பர் கூட்டம், படி வரை ஆள். நிறைமாதப் பெண் ஏறினால் நான் வாய் திறக்கும் முன்பே ஒரு பாட்டி, "தம்பி, எந்திரிப்பா, மாசமா இருக்காங்க" என்று ஒருவரைக் கிளப்பிவிடுவார். பின்சக்கரத்துக்கு மேல் உள்ள சீட்டில் மட்டும் உட்கார விடமாட்டேன், தூக்கிப் போடும். நடுவில், ஜன்னலோரம். வளைவுகள் தொடங்கியதும் யாரோ ஒருவர் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டுவார். டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்ப்பார். அப்புறம் அவர் பிரேக் பிடிக்கும் விதமே மாறிவிடும். யோசேப்பு கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று கேட்டுக்கொண்டே வருவார். தலைப்பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

அவர்கள் யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக வந்திருந்தால் ஏற்றமும் லேசானதல்ல. எரிகோ கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே. எருசலேம் சுமார் 750 மீட்டர் மேலே. அதையும் தாண்டித்தான் பெத்லகேம். நம் கோத்தகிரி சாலை 33 கிலோமீட்டரில் இதைவிட அதிகம் ஏறுகிறது, ஆனால் நமக்கு இன்ஜின் இருக்கிறது. குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் (ஞானிகள்) நிச்சயம் காரில்தான் வந்திருப்பார்கள். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்டு நிறுத்தியிருப்பார்கள். (மூன்று பேர் என்று மத்தேயு சுவிசேஷம் சொல்லவில்லை. எத்தனை காரோ!)

அரசாங்க ஏட்டுக்காக வீட்டை விட்டுக் கிளம்புவது இந்த மலையில் பலருக்குப் பழகிய கதை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு (சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம்) பிறகு இலங்கையிலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, இங்குள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் கைக்குழந்தையும் தகரப் பெட்டியுமாகத்தான் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று டிசம்பர் 24 இரவு ஆராதனைக்கு டவுனுக்கு வருகிறார்கள்.

வருவதற்கு பஸ் இருக்கிறது, திரும்பத்தான் இல்லை. ஆராதனை முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும். கடைசி டிரிப் அதற்கு வெகு முன்பே போயிருக்கும். ஜீப் பேசினால் அன்று கேட்பதுதான் வாடகை. இல்லாதவர்கள் குளிரில், ஆராதனையில் பாட்டுப் பாடிய பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். காட்டெருமையும் கரடியும் நடமாடும் சாலை அது. லாட்ஜில் தங்கலாம் என்றால், சீசனில் "ரூம் இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும்; இருந்தாலும் அந்த வாடகை யார் கொடுப்பது?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஓர் இரவு, கோத்தகிரியிலிருந்து சோலூர்மட்டம் பக்கம் ஒரு பஸ், கோடநாடு பக்கம் ஒரு பஸ், ஆராதனை முடியும் வரை காத்திருந்து கிளம்பட்டும். குன்னூர், கூடலூர் வாசகர்கள் தங்கள் பக்கத்துத் தேவையை எழுதலாம். டியூட்டிக்கு ஆள் கிடைக்காது என்று சொல்வார்கள். கிடைக்கும். தீபாவளி இரவு கிறிஸ்தவர்களான நாங்கள் வண்டியில் இருப்போம், கிறிஸ்துமஸ் இரவு மற்றவர்கள் இருப்பார்கள். டெப்போவில் அதையெல்லாம் எங்களுக்குள் பேசி மாற்றிக்கொண்டுதான் ஓட்டினோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர்,
கோத்தகிரி.