எந்தப் பிள்ளையார் கோயில்?

எங்கள் ஊராட்சி மன்றத் தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன மாசியில் ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டுப் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. வாயுதான் என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்ததில் அரை மணி நேரம் போனது. அப்புறம்தான் 108. உடனே எடுத்தார்கள். எந்த இடம் என்றதற்கு அவர் மகன், "பிள்ளையார் கோயில் பக்கம்" என்றான். நம் ஊரில் மூன்று பிள்ளையார் கோயில்! வண்டி ஏரிக்கரைப் பிள்ளையாரிடம் போய் நின்றது. டிரைவர் வழி கேட்கப் போன் அடிக்கிறார். இவனோ சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊரின் மறுகோடியில் சைரன் கேட்கிறது, வண்டி மட்டும் வரவில்லை. பெரியப்பா பிழைத்துக்கொண்டார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

தமிழ்நாட்டில் 108 வந்தது 2008-இல். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் "எவ்வளவு கேட்பாங்க?" என்று தயங்குகிறவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். ஒரு பைசா கிடையாது. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தொட்டால் கேஸாகிவிடும் என்ற பயமும் போகவில்லை. உதவியவர் தன் பேரைச் சொல்லியாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாதென்று 2020-இல் மோட்டார் வாகன விதிகளிலேயே சேர்த்துவிட்டார்கள்.

பக்கவாதம் இன்னும் மோசம். வாய் கோணி, ஒரு கை துவண்டு, பேச்சுக் குழறினால் காலையில் பார்த்துக்கலாம் என்று படுக்க வைக்கிறோம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

அக்டோபர் 2 கிராம சபையில் இதை ஒரு பொருளாக வையுங்கள். தெருமுனை தோறும் பெயர்ப் பலகை வேண்டும். ரேஷன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் இப்படி எழுதலாம்: "நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பாம்புக்கடி, விபத்து, பிரசவ வலி: 108. போலீஸ், தீயணைப்பு எதுவானாலும் 112. ஊர், தெரு, அடையாளம் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் வரை போனை வைக்காதீர்கள். பிறகும் அந்தப் போனில் வேறு யாரையும் கூப்பிடாதீர்கள். ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் நில்லுங்கள்."

பெயிண்டும் ஆளும் எங்கள் தெருப் பிள்ளைகள் தருகிறோம். சுவரை மட்டும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குத் தெருவிலிருந்து ஒருவன்