கொழிஞ்சாம்பாறை வாசகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டில் செயற்குழு ஐந்து முறை கூடியது. ஜூன் 19 வாசிப்பு நாளன்று பள்ளித் தமிழ்ப் பிரிவுக்குப் புத்தகங்கள் கொடுத்தோம். ஓணம், டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள், பொங்கல் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. சித்தூர் கொங்கன்படைத் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு நீர்மோர் வழங்கினோம். மாடி அறையில் ஒழுகிய ஓடுகளை மாற்றியாயிற்று.

இனி ‘மானமா, உறவா’ தொடர் வாசிப்பு. ஆண்டு முழுக்க அதிகப் பேச்சும் அதிகப் புகாரும் வந்தது இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் பலர் மலையாள மீடியத்தில் படிக்கிறார்கள். டிராகன் வரும் தொடர்களைப் போனில் பார்த்துவிட்டு, ஸ்டார்க் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று தடுமாறாமல் சொல்கிறார்கள். கும்பகர்ணன் என்றால் தூங்குகிறவன், அவ்வளவுதான் தெரியும். பெரியவர்கள் விஷயம் நேர் எதிர். இந்த இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைக்க ஒரு கேள்வி தேவைப்பட்டது. கூடப் பிறந்தவன் தப்பு செய்யும்போது நாம் எங்கே நிற்பது? இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஸ்டார்க் குடும்பத்தை வைத்து ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிய வரிசையில், 1996இல் வெளிவந்த முதல் நாவலான ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’இல் தொடங்கினோம். ஆங்கிலம் படிக்க முடியாதவர்களுக்காக இருநூறு பக்க நோட்டில் கதையைத் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். எட்டர்ட் ஸ்டார்க் சொல் தவறாதவன் என்று பேர் எடுத்தவன். மகள் உயிரைக் காப்பாற்ற, செய்யாத துரோகத்தைச் செய்ததாக ஊர் நடுவே ஒப்புக்கொள்கிறான். அப்படியும் அவன் தலை போகிறது. அன்று வந்திருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் அவன் செய்தது சரி என்றார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லிக் காப்பாற்றிய மகளுக்கு அப்பன் என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம் என்று கேட்டார்.

அடுத்து, அதே வரிசையில் வரும் ஜேமி லானிஸ்டர். அரசனைக் காப்பதாகச் சத்தியம் செய்தவன். அந்த அரசனே, உன் அப்பன் தலையைக் கொண்டு வா என்கிறான், நகரத்தையே எரிக்கவும் துணிகிறான். ஜேமி அரசனைக் கொன்றுவிடுகிறான். ஊர் பிழைத்தது, அவனுக்குக் கிடைத்தது சத்தியம் மீறியவன் என்ற பட்டம். இளைஞர்கள் அவனுக்காக வாதாடியதைக் கேட்க நீங்கள் எல்லோரும் வந்திருக்க வேண்டும்.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் இறந்த பிறகு 1977இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ மூன்றாவது. களவு போன சில்மரில் மணிகளை எப்படியும் மீட்போம் என்று தந்தையோடு சேர்ந்து மக்கள் ஏழு பேரும் செய்த சத்தியம் குலத்தையே தின்கிறது. கடைசியில் மிஞ்சும் இருவரில் தம்பி மாக்லோர், போதும் விட்டுவிடலாம் என்கிறான். அண்ணன் மெய்த்ரோஸ் கேட்கவில்லை. தம்பியும் அவன் பின்னால் போகிறான். எந்த மணிக்காக அத்தனை பேரைக் கொன்றார்களோ அதுவே அவர்கள் கையைச் சுடுகிறது. சத்தியம் தப்பு என்று தெரிந்தும் அண்ணனை விட முடியாத அந்தத் தம்பியிடமிருந்துதான் நாங்கள் கும்பகர்ணனுக்கு வந்து சேர்ந்தோம்.

கம்பனில் கும்பகர்ணன் முதலில் அண்ணனை நிறுத்தி வைத்துக் கேட்கிறான். பிறன் மனைவியைச் சிறை வைத்துவிட்டுப் புகழுக்கு ஆசைப்படுகிறோம். பேசுவது மானம், பேணுவது காமம் என்று சபையிலேயே சொல்கிறான். அப்புறம் போர்க்களத்தில் விபீஷணன் வந்து கூப்பிடும்போது, இந்த நீர்க்கோல வாழ்வை நம்பி, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். தம்பியைத் திட்டவும் இல்லை, நீ ராமனிடமே போ என்று அனுப்பிவைக்கிறான். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு, உடன் நிற்கிறான். நாங்கள் படித்த மற்ற யாரும் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யவில்லை என்பது என் கருத்து.

இதே பாட்டை நம் பாலக்காடு மாவட்டத்தில் தோற்பாவைக்கூத்துப் புலவர்கள் பகவதி கோயில் கூத்துமாடங்களில் இன்றும் தமிழிலேயே பாடுகிறார்கள். கும்பகர்ணன் வதம் எந்த இரவு என்று முன்கூட்டியே விசாரித்து, பதினான்கு பேர் உட்காரும் வேன் பிடித்தேன். வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். வண்டியில் ஏறியவர்கள் ஐந்து பேர். நீளமான வெள்ளைத் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்கு எரிந்தது. காற்றில் திரி சாயும்போது, மான் தோலில் வெட்டிய கும்பகர்ணன் மூச்சு விடுவது போலவே இருந்தது. நள்ளிரவுக்கு மேல் எதிரே நாங்கள் ஐவரும் படுத்திருந்த இரண்டு நாய்களும்தான். புலவர் ஒரு பாட்டைக்கூடக் குறைக்கவில்லை. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராமாயணப் போரைப் பார்க்க முடியாத பத்ரகாளிக்காக நடப்பது அந்தக் கூத்து. அவள் பார்க்கிறாள் என்ற நம்பிக்கை போதும் அவர்களுக்கு. நமக்கு ஆள் வேண்டும்.

தமிழ் மன்றத்தில் வெள்ளைக்காரன் கதை எதற்கு என்று கடைத்தெருவில் பேசியவர்கள், ஒரு ஞாயிறாவது மாடி ஏறி அதை என்னிடமே சொல்லியிருக்கலாம். பதில் வைத்திருந்தேன்.

அடுத்து சந்தா. பாதிப் பேருக்கு மேல் பாக்கி. மூன்று வருடம் தராதவர்களின் பெயரை வாசிக்க வேண்டும் என்று பொங்கலுக்குப் பின் கூடிய செயற்குழு முடிவு செய்தது. அந்தப் பட்டியலில் என் தம்பி பெயரும் இருந்தது. பொருளாளர் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி பேரை உட்டுருங்க, ஊட்டுல வம்பாயிரும்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அன்று இரவே தம்பி வீட்டுக்குப் போய், நாளைக்கு உன் பெயரை வாசிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வாசித்தேன். அம்மா பதினெட்டு நாள் என்னிடம் பேசவில்லை. தம்பி மகள் காது குத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. அழைப்பில்லாமலே போய், தாய்மாமன் சீர் வந்து இறங்கும்போது பந்தலில் நின்றேன். செயலாளர் தன் ஆட்களைக் காப்பாற்றுகிறார் என்று சொன்னவர்களுக்காக இதை எழுதவில்லை. நடந்தது பதிவில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, வாடகை, மின்கட்டணம், ஓடு, வேன், ஜெராக்ஸ் போகச் சிறிய தொகை கையிருப்பு இருக்கிறது. விவரம் பொருளாளரின் பேரேட்டில் உள்ளது, எவரும் பார்க்கலாம். நாவல்கள் வாங்கிய பணம் என்னுடையது. புத்தகங்கள் மன்றத்துக்கே சொந்தம்.

அறை தந்த கட்டட உரிமையாளருக்கும், நோட்டைத் தட்டச்சு செய்த கல்லூரி மாணவிக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீ அனுப்பிய கடைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வில்லிபுத்தூராரின் கர்ணனைப் படிக்கலாம் என்றிருக்கிறேன். குந்தி வந்து நிற்கும் இடம் மட்டுமே இரண்டு ஞாயிறு பிடிக்கும். புதிய செயலாளர் வந்தாலும் நோட்டை ஒப்படைத்துவிட்டு உதவியாக இருப்பேன். யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் என் மேல் குறை இருப்பவர்கள் வீட்டில் இருந்துவிட வேண்டாம். வந்து சொல்லுங்கள், சொல்லிவிட்டு உட்காருங்கள். முதல் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. தம்பி போன வாரம் சந்தாவைக் கட்டிவிட்டான். ரசீதை நான்தான் எழுதினேன். கர்ணன் என்றால் வருகிறேன் என்றான்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்