கிரீன் டேயின் 'டூக்கி': முதலில் பாட்டைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாப் பங்க் என்கிற வேகமான ராக் இசை என்றாலே கிட்டாரில் நாலு கார்டு (சுரக்கூட்டு) தெரிந்தால் போதும், மிச்சத்துக்குக் கத்தினால் போதும் என்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால்தான் இந்தக் கடிதம். அந்த வகை இசைக்குழுவான கிரீன் டேயின் 'டூக்கி' ஆல்பம் 1994 பிப்ரவரி 1 அன்று வந்தது. அமெரிக்காவில் பெர்க்லி நகரின் ஃபேன்டசி ஸ்டுடியோவில், ராப் கவாலோ தயாரிப்பில் பதிவானது.

அதில் 'லாங்வியூ' பாட்டை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். முதலில் ட்ரம்ஸ், அப்புறம் குழுவின் மைக் டர்ன்ட்டின் பேஸ் கிட்டார் உருண்டு வருகிறது, சரணம் முழுக்க அந்த பேஸும் ட்ரம்ஸும்தான் குரலைத் தாங்குகின்றன, கிட்டார் பல்லவிக்காகக் காத்திருந்து மொத்தமாக வந்து விழுகிறது. வீட்டில் சும்மா அடைந்து கிடப்பவனின் சலிப்பு, அது வெடிக்கும் நொடி, இரண்டும் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. இதையா சத்தம் என்கிறோம்?

கிரீன் டே சின்ன லுக்அவுட் இசைத்தட்டு நிறுவனத்தை விட்டு ரீப்ரைஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனதால், அவர்கள் பாடி வளர்ந்த பெர்க்லியின் கில்மன் தெரு அரங்கமே அவர்களுக்குக் கதவைச் சாத்தியது. அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் பாட்டில் எதையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பதே என் கருத்து. அதே ஆல்பத்தின் 'பாஸ்கெட் கேஸ்' பாட்டு, பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் தன் பதற்ற நோயைப் பற்றியே எழுதியது, 1994-ல் அதை வாய்விட்டுப் பாடத் துணிச்சல் வேண்டும்.

1995-ல் கிராமி கிடைத்தது, சரி. உங்கள் இசைப் பக்கத்தில் விருதுக் கணக்கோடு நிறுத்தாமல், இப்படிப் பாட்டுக்குள் போய் எழுதுங்கள்.

ஒரு வாசகர்