தட்டச்சும் தந்தியும் வகுப்பறைக்கு வந்தன: ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குச் சமூக மாற்றத்தைக் கற்பிப்பதற்காக, வழக்கொழிந்த கருவிகளை இரவல் தந்தும் தாங்களே வகுப்புக்கு வந்து விளக்கியும் உதவிய அனைவருக்கும் ஆசிரியர்கள் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, தமிழ்த் தட்டச்சுப் பொறியைக் கொண்டுவந்த பயிலக உரிமையாளருக்கு உரியது. எழுத்தை எழுதிய பிறகே புள்ளி வைத்துப் பழகிய மாணவர்கள், அப்பொறியில் புள்ளியை முதலில் அடித்துவிட்டு அதன் பின்னரே எழுத்தை அடிக்க வேண்டியிருப்பதைக் கண்டு வியந்தனர். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் லை, னை போன்றவை துதிக்கை வளைந்தாற்போல எழுதப்பட்டதை அவர் கரும்பலகையில் வரைந்து காட்டி, அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை தேவைப்பட்டதும் அம்மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று விளக்கினார். தட்டச்சுக்கான லோயர், ஹையர் தேர்வுகளில் தேறிய பெண்கள் அலுவலகங்களுக்குள் நுழைந்த வரலாற்றை அவர் சொன்னபோது, தன் பாட்டியும் அப்படித்தான் வேலைக்குப் போனார் என்று ஒரு மாணவி எழுந்து கூறினாள். நான் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்பு எதுவும் அதற்கு ஈடாகாது.

அடுத்து, தந்தித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா அவர்களுக்கு நன்றி. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டதைக்கூட இம்மாணவர்கள் அறிந்திருக்கவில்லை. சொல்லைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கிய முறையை அவர் விளக்கியதும், கைபேசியில் அனுப்பிய செய்தி ஒன்றை அவர்கள் பத்துச் சொற்களுக்குள் சுருக்கிப் பார்த்தனர்; நலவிசாரிப்புதான் முதலில் வெட்டுப்பட்டது. இவ்வளவு செலவில் அவசரச் செய்திதானே வரும் என்று புரிந்த பிறகு, தந்தியைப் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகை எழுந்ததற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தொலைபேசிக் கட்டணத்தைக் காட்டும் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைத் தந்ததோடு, இரவுச் சலுகைக் கட்டணத்துக்காகத் வெளியூர்களுக்குத் தொலைபேசியில் பேச உதவிய தம் எஸ்.டி.டி. பூத் வாசலில் மக்கள் காத்திருந்ததையும் விவரித்த அம்மையாருக்கும் நன்றி உரியது. வந்தவர்களில் ஒருவர்கூட அந்தக் காலமே பொற்காலம் என்று புலம்பாதது எனக்குத் தனிப்பட்ட நிறைவு. (அந்த அச்சம் எனக்கு இருந்தது.)

மற்றப் பொருள்கள் அனைத்தும் உரியவர்களிடம் திருப்பித் தரப்பட்டுவிட்டன. தட்டச்சுப் பொறியை மட்டும், மாணவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஆண்டுத் தேர்வு வரை பள்ளி நூலகத்தில் வைத்துக்கொள்ள இசைந்த உரிமையாளருக்கும், அதற்குக் கூலி வாங்காமல் புது ரிப்பன் மாட்டித் தந்த மெக்கானிக்குக்கும் மீண்டும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியர்